கால் வைக்கும் தகடு

என் வேலை கறை கண்டுபிடிப்பது. ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பவனாக இருக்கிறேன். வெளுத்த துணி உருளையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் விளக்கு எரியும். நான் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். எண்ணெய்ப் பொட்டு, கரிப் பொட்டு, துருப் பொட்டு என்று எது வந்தாலும் கண்ணில் பட்டுவிடும். இவற்றில் துருதான் எனக்குக் கொஞ்சமும் ஆகாது. எள் அளவு தெரிந்தாலும் அந்தத் துண்டை வெட்டி ஒதுக்கிவிடுவேன். "அவிய கண்ணுல பட்டா அம்புட்டுத்தான்" என்று கூட வேலை செய்பவர்கள் எனக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். காதில் விழாதது மாதிரி நிற்பேன். உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

இப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டர்தான் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது.

ஸ்கூட்டர் என் மனைவியுடையது. கையில் கியர் மாற்றும் பழைய வண்டி, உடம்பு முழுக்க இரும்புத் தகடு. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் வைத்துப் பற்றவைத்திருக்கும். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இடது கால் சூம்பிப்போய்விட்டது. அந்தக் காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ், கக்கத்தில் ஓர் ஊன்றுகோல். கால் பிரேக்கைக் கைக்கு மாற்றி, உதைத்துக் கிளப்புவதற்குப் பதிலாகக் கையால் இழுக்கும் லீவர் வைத்து, அவளுக்கென்றே செய்த வண்டி அது. நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவள் தட்டு ஏந்தி வரவில்லை. வேலை முடிந்து இந்த வண்டியில் வந்து இறங்கினாள். எனக்கு அந்த நிமிடமே பிடித்துவிட்டது. பிடித்தது வண்டியையா தன்னையா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடித்துத் தரும் கடையில் அவளுக்கு வேலை. கடையை நடத்துவதும் ஒரு பெண்தான், அவரை அக்கா என்று கூப்பிடுவாள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுவாள். வக்கீல்கள் வரிசையில் நின்று இவளிடம்தான் அடிக்கக் கொடுப்பார்களாம். இதை அவள் ஒருமுறைதான் சொன்னாள், நான் நூறு பேரிடம் சொல்லியிருப்பேன்.

கல்யாணமான புதிதில், ஈர வாசலில் ஊன்றுகோல் வழுக்கி ஒருநாள் விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து வாசல் தெளிப்பதும் கோலம் போடுவதும் என் பொறுப்பு. விடிவதற்கு முன்பே தெளித்துவிட்டால் அவள் கிளம்புவதற்குள் தரை காய்ந்துவிடும். முதல் வாரத்திலேயே எதிர்வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நாளைக்குச் சேலையும் கட்டிக்கிடுவீகளோ?" என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த வீம்பிலேயே, தெருவில் எங்கள் வாசலை அடித்துக்கொள்ள இன்னொரு வாசல் இருக்கக் கூடாது என்று முடிவுகட்டினேன். பாக்கெட்டில் வரும் பச்சைச் சாணிப் பொடியெல்லாம் எனக்கு ஆகாது. பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் தினமும் சாணி வாங்கி, வாளித் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, இரண்டு கையாலும் வாரி வாரி அடிப்பேன்.

வண்டி வாசலில்தான் நிற்கும். நிலையைப் பிடித்துக்கொண்டு ஓர் எட்டு வைத்தால் சீட்டில் உட்கார்ந்துவிடலாம், அப்படி அளந்து நிறுத்திய வண்டி. அதனால் தெளிக்கும்போது அதை அசைக்க மாட்டேன். வண்டி நிற்கும் இடத்தை மட்டும் காய்ந்த தரையாக விடவும் மனசு வராது. பாதி கழுவிய முகம் மாதிரி இருக்குமே. அதனால் குனிந்து, வண்டிக்கு அடியிலும் ஓங்கி இரண்டு வீச்சு. அவள் விழுந்த நாளிலிருந்து பதினான்கு வருஷம், ஒருநாள் தப்பாமல்.

போன ஆவணி முடியும் சமயம், ஒரு புதன்கிழமை சாயங்காலம். கம்பெனியில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, கால் உள்ள போயிருச்சு."

"எதுக்குள்ள?"

"வண்டிக்குள்ளங்க. தகடு பிஞ்சு கால் ரோட்டுல தட்டுது. மடவார் வளாகத்துல நிக்கேன். வாங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் ஓரத்தில் இருக்கும் இடம் அது, பஸ் பிடித்துப் போனேன். டீக்கடை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது, பூட்ஸ் போட்ட கால் தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே போய்விட்டது. பக்கத்தில் வந்த ஒருவர் கை காட்டிக் கத்தியதில் நிறுத்திவிட்டாள். டீக்கடையில் இருந்த நாலு பேர் சேர்ந்து காலை வெளியே எடுத்துவிட்டார்களாம். பூட்ஸின் தோல் கீறியிருந்தது, காலுக்கு ஒன்றுமில்லை. கையில் இருந்த டீ அப்படியே ஆடை கட்டிப்போயிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "நான் ரொம்பக் கனத்துட்டேன்ல?" என்று கேட்டாள்.

ஒரு இரண்டு வருஷமாக அவள் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தாள். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் என் வழக்கப்படி, "வீட்டுக்குப் போயி பேசுவோம்" என்றேன். அவள் அதைத் தன் கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரியே சொல்லிவிட்டாள்.

"போதும்ங்க. பஸ்ஸு படியில என்னால ஏற முடியாது. தெனம் ஆட்டோவுல போக முடியாது. இம்புட்டு வருசம் போனதே பெரிசு. வேலைய விட்டுருதேன்."

புது வண்டி வாங்கலாமே என்று கேட்கத் தோன்றும். முன்பே பார்த்திருக்கிறோம். ஒன்றில் சீட் உயரம், இன்னொன்றில் கால் நீட்ட இடம் இல்லை. ஏறிப் பார்க்கும்போது கடைக்காரப் பையன்கள் தாங்கிப் பிடிக்க வந்ததில் அவள் முகம் சுண்டிப்போய், வேண்டாம் என்று வந்துவிட்டாள். இந்த ஒரு வண்டியில்தான் யார் கையையும் பிடிக்காமல் ஏறுவாள். கடை அக்காவிடம் போனில் பேசினாள். அடுத்த வாரம் சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் ஒரு முடிவு சொல்லு என்றாராம் அந்த அக்கா.

சாப்பிட உட்கார்ந்தபோது வழக்கமாக இரண்டு தோசை சாப்பிடுகிறவள் ஒன்றோடு எழுந்துவிட்டாள். "பசிக்கல" என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு, டீக்கடையில் விட்டுவந்த வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர், எந்நேரமும் காதில் ஒரு சாக்பீஸ் செருகியிருப்பார். பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டு, இரண்டு பழைய டயரின் மேல் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தார். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் கணீரென்றது. கெட்ட இடம் சத்தமே போடவில்லை. பிறகு குனிந்து அடிப்பக்கம் பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத மாட்டுத் தொழுவத்துலயா நிப்பாட்டுதீக?"

நானும் குனிந்து பார்த்தேன். அடித்தகடு முழுக்கக் காய்ந்த சாணி அடை அடையாக ஒட்டியிருந்தது. தீய்ந்த தோசையைக் கல்லிலிருந்து பெயர்க்கிற மாதிரி அவர் ஒரு பத்தையைப் பெயர்த்தார். கூடவே தகடும் பொரிந்து உதிர்ந்தது. சாணிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கோலப்பொடி. நேற்றுப் போட்ட கோலத்தை இன்று அடிக்கும் தண்ணீர் தூக்கி மேலே ஒட்டவைத்திருக்கிறது. பதினான்கு வருஷத்து வாசல் அங்கே தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழே விழுந்த பத்தையைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"சாணி ஈரத்தப் புடிச்சு வச்சுக்கிடும் அண்ணாச்சி. தகட்டக் காயவே விடாது. நம்ம ஊரு போர்த்தண்ணியில உப்பு வேற. மேல பாத்தா பளபளன்னு இருக்கும், கீழ இருந்து தின்னுக்கிட்டே வரும். யாரு செஞ்ச வேல இது?"

"எங்க தெருவுல மாடு ஜாஸ்தி," என்றேன்.

"மாடு ஸ்கூட்டருக்கு அடியில படுத்துக்கிட்டா சாணி போடும்?"

நான் குனிந்து தகட்டைத் தடவிப் பார்த்தேன். அவரும் விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, சும்மா கேட்பது மாதிரி, "ஓட்டுத ஆளு கனம் கூடிட்டா தகடு கிழியுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நல்ல தகட்டுல ரெண்டு பேர் நின்னு குதிக்கலாம். மதினி ஒருத்தங்க கனம் இத என்ன செய்யும்?"

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நேராக வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? சுரண்டும் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்தச் சாணி முழுவதையும் ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்தேன். வண்டி வீட்டுக்கு வரும்போது அவள் கண்ணில் அது படக் கூடாது. "இம்புட்டு அக்கறையா கூட நின்னு செய்யுத ஆள நான் பாத்ததே இல்ல" என்றார் பட்டறைக்காரர். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

இற்றுப்போன பகுதியை அவர் நல்ல தகடு வரும் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வளைத்து ஒட்டுப் போட்டுப் பற்றவைத்துக் கொடுத்தார். ஒட்டைச் சுற்றியும் உள்மடிப்புகளிலும் இன்னும் மேல்துரு இருந்தது. "எனக்கு லாரி கேபின் ரெண்டு நிக்கி அண்ணாச்சி, ஒரு வாரத்துக்கு நிமிர முடியாது. மழைக்கு முன்ன முடிக்கணும்னா நீங்களே தேய்ச்சு மருந்து அடிச்சுக்கிடுங்க" என்று சொல்லி, என்னென்ன வாங்க வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். கம்பி பிரஷ், எமரி தாள், தின்னர், துருவை மாற்றும் மருந்து, ரெட் ஆக்சைடு, இணைப்புகளில் பூசும் பசை, கறுப்புப் பெயிண்ட். "அடியில ரெண்டு ஓட்ட விட்டிருக்கேன். தண்ணி வடியுதுக்கு. அதையும் சேத்து அடைச்சிராதீக."

சனிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. அதற்குள் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவள் ஒற்றைத் தோசையோடு எழுந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுப்பேன், மென்று விழுங்கிவிடுவேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்று நான் நினைத்துப் பெருமைப்பட்ட ஒரே வேலை அது. அதுதான் அவள் காலுக்குக் கீழே தகட்டைத் தின்றது என்று என் வாயால் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டை ஒட்டிய முடுக்குச் சந்தில் வண்டியைச் சாய்த்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் வந்து ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு சாக்கை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் இதைப் பற்றி ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள்.

"அப்படி இல்லங்க. ஒரே பக்கமா இழுத்தா போகாது. குறுக்கயும் தேய்க்கணும். இங்கிட்டுத் தாங்க."

ஊன்றுகோலில் உடம்பைத் தாங்கித் தாங்கி அவள் தோளும் கையும் உரமேறியவை. நான் கால் மணி நேரம் தேய்த்த இடத்தை அவள் ஐந்து நிமிடத்தில் வெள்ளி மாதிரி ஆக்கினாள். என் கை நுழையாத மடிப்புகளில் அவள் விரல் நுழைந்தது. மூக்கிலும் நெற்றியிலும் சிவப்பாகத் துருத்தூள். முறைப்படி எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தேய்த்த வேகத்தில் ஒரு கோபம் இருந்தது. அது வண்டி மேல் வந்த கோபம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஓரிடத்தில் நிறுத்தி, ஒட்டுப் போட்ட தகட்டை உள்ளங்கையால் தடவினாள். "பாவம்," என்றாள் வண்டியிடம். "எம்புட்டு நாளு சொமந்திருக்கும் என்னய. ஒரு வார்த்த சொல்லலியே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நீ கனத்ததுனால இல்லட்டி. நான் தெளிச்ச தண்ணி."

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்கு அடியில் ஓங்கி அடித்த இரண்டு வீச்சு, சாணி அடை, கோலப்பொடி, மாட்டின் மேல் போட்ட பழி, கடைசியில் அதைச் சுரண்டி எடுத்து மறைத்தது வரைக்கும். சொல்லி முடித்ததும் என் காதே சூடாகிவிட்டது.

அவள் கையில் பிரஷ் அப்படியே நின்றது.

"அப்ப நான் கனக்கலியா?"

"இல்ல."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கெழம."

விரல் விட்டு எண்ணினாள். "வியாழன், வெள்ளி, சனி. மூணு நாளு ஒத்தத் தோச தின்னேன். எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீக."

எனக்கும் அந்த மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் நான் வழக்கம் போல மூன்று தோசை தின்றிருந்தேன். அதுவும் அவளுக்குத் தெரியும், சுட்டுப் போட்டவள் அவள்தானே.

மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். மத்தியானம் வரை, நான் எமரி கேட்டால் அவள் கை மட்டும் நீளும். தின்னர் தொட்டுத் துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகு, மருந்தைப் பிரஷால் தடவினோம். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. துரு இருந்த இடங்களில் மட்டும் மெல்ல மெல்ல நிறம் மாறிக் கறுத்துக்கொண்டு வந்தது. காயும் வரை வேறு வேலை இல்லை. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏதாவது பேசேன்," என்றேன்.

"எனக்காகத்தான் தெளிச்சீக. தெரியாமச் செஞ்சீக. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டாள். "ஆனா எங்க எது ஒடஞ்சாலும் எனக்கு மொதல்ல என் ஒடம்பு மேலதான் சந்தேகம் வரும். சின்னப் புள்ளையில இருந்து அப்படித்தான். அது ஒலகத்துலயே ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் மூணு நாளு விட்டுட்டீக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவள் தேற்றவும் இல்லை. தன் முந்தானை நுனியால் என் கன்னத்தில் இருந்த துருவை மட்டும் அழுத்தித் துடைத்துவிட்டாள். கொஞ்சம் வலித்தது.

அடுத்தடுத்த நாள் சாயங்காலங்களில் மீதி வேலையைச் செய்தோம். ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தேன். தகடும் தகடும் சேரும் இடங்களில் பசையை அவள்தான் விரலால் இழுத்து நிரவினாள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிறவளின் விரல், ஓரிடத்தில் கூடக் குமியவில்லை. கறுப்புப் பெயிண்ட் அடித்து, வடியும் ஓட்டை இரண்டையும் குச்சி விட்டுச் சரிபார்த்தோம். அந்த நாட்களில் நான் வாசல் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவளே வாளியைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள்.

"வாசலக் காயப்போட்டா எதுத்த வீட்டம்மா என்னையத்தான் கேப்பாக. வண்டிய தெருவுக்கு நகட்டி வச்சிட்டுத் தெளிங்க."

"பொறவு நீ ஏறுததுக்கு நாலு எட்டு நடக்கணுமே?"

"நடந்தாத் தேஞ்சா போயிருவேன்?"

இரண்டாம் நாள் ராத்திரியே தோசையும் இரண்டாகிவிட்டது. கோபம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேலையைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டி முழுக்கத் தயாராகி நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் அதன் பக்கத்தில் போய் நின்று, ஊன்றுகோல் நுனியால் தரைத்தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட்டில் உட்கார்ந்தாள். கால் இரண்டையும் தகட்டில் வைக்கவில்லை, ஓரமாகத் தொங்கவிட்டிருந்தாள். செத்த நேரம் அப்படியே இருந்துவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டாள். கடை அக்கா போன் செய்தபோது, "பாக்கேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

தப்பு அவள் உடம்பில் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன், அவளும் நம்பிவிட்டாள். ஆனால் ஒருமுறை விட்டுப்போன தரையை அந்தக் கால் நம்ப மறுத்தது. அதற்கு நான் எந்த மருந்தை அடிப்பது? இதுவரைக்கும் ஏதாவது ஒன்றைத் தெளித்து, பூசி, தேய்த்து அவளுக்கு நல்லது செய்துவிடலாம் என்று இருந்தவன் நான். முதல் முறையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை விடிந்தது. அக்கா சொன்ன கெடு அன்றைக்குத்தான். புரட்டாசி பிறந்திருந்தது. நான் வண்டியைத் தெருவுக்கு நகர்த்திவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் குளித்து, வேலைக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நாலு எட்டு நடந்து வண்டியில் ஏறினாள். லீவரை இழுத்தாள். ஒரே இழுப்பில் கிளம்பியது. கால் இன்னும் ஓரமாகத்தான் தொங்கியது. என்னைப் பார்த்தாள்.

"ஏறுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க? பின்னால ஏறுங்க. ரெண்டு பேரையும் தாங்குதான்னு பாக்கணும்."

பதினான்கு வருஷத்தில் நான் அந்த வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை. அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். "வேண்டாம், வண்டிக்குப் பாரம்" என்பேன். உண்மை அது இல்லை. பக்கச் சக்கரம் வைத்த வண்டியில், பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கம்பெனி வாசலைக் கடந்து போக எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லக் கூசித்தான் பாரத்தின் மேல் பழியைப் போட்டேன். பாரம், பாரம் என்று இதே வாசலில் நின்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையில் கோலப்பொடியோடு ஏறி உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டே நின்றார். கம்பெனி வாசலில் காலை ஷிப்டுக்கு வந்த இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவன் கையைத் தூக்கினான், நானும் தூக்கினேன். ஊரைத் தாண்டியதும் அவள் வேகத்தைக் கூட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்க நெருங்க ரோட்டு ஓரமெல்லாம் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பேர் கொண்ட குன்றில் இருக்கும் பெருமாளைப் புரட்டாசிச் சனிக்குப் பார்க்கப் போகிற கூட்டம். ஆரன் அடித்து அடித்து ஒதுங்கச் சொல்லிப் போனாள். அவள் தோளில் கை வைத்துக்கொண்டேன். கல் மாதிரி இறுகியிருந்தது.

மடவார் வளாகத்து வேகத்தடை வந்தது. மெதுவாக்கினாள். வண்டி ஏறியது. இரண்டு பேர் கனத்தோடு பின்சக்கரங்கள் தொப்பென்று இறங்கின. தகட்டில் ஒரு முனகல்கூட இல்லை. எட்டிப் பார்த்தேன். வழியில் எப்போது தூக்கி வைத்தாள் என்று தெரியவில்லை, இரண்டு காலும் தரைத்தகட்டில் நன்றாக ஊன்றியிருந்தன.

டீக்கடையைத் தாண்டியதும் அவள் தோள் தளர்ந்தது. நேராக வீட்டுக்குத் திரும்புவாள் என்று நினைத்தேன். கோர்ட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

"அக்காகிட்ட திங்கக்கெழமையில இருந்து வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருவோம்."

"சரி."

கொஞ்ச தூரம் போனோம். பிறகு தலையைத் திருப்பாமலே, "நீங்களும் நல்ல கனமாத்தான் இருக்கீக," என்றாள்.

"எறங்கிக்கிடவா?"

"வேண்டாம்," என்றாள். "தாங்குது."